உனக்கு இரண்டு தூண்

இதனால் நம் பேட்டைவாசிகள் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை ஏழே கால் மணியளவில், பால்காரரின் வெள்ளாடு முன்னங்கால்களைத் தூக்கி உன் நினைவுத் தூணின் மேல் வைத்து, உனக்குப் போட்டிருந்த சாமந்தி மாலையை நாரைத் தவிர முழுவதும் தின்று முடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. செய்தி முடிந்தது.

சிரிக்காதே குண்டு. நாளையோடு உனக்கு வருஷம் முடிகிறது. அதற்காகத் தூணுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசனை ஜன்னல் வழியாக வந்து என் கணக்கு நோட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. கணக்கு ஓடவில்லை, கடிதம் ஓடுகிறது. தமிழில் எழுதுவதற்குக் காரணம், நம் வங்காளித் தெருவில் எவனுக்கும் படிக்க வராது. உனக்கே எழுத்துக்கூட்டித்தான் வரும். பரவாயில்லை, உனக்கு இனி நேரம் நிறைய.

தூண் ஒன்றில்லை, இரண்டு. டிராம் டிப்போவுக்குத் திரும்பும் முனையில் டீக்கடைக் கட்சி கட்டியது ஒன்று. குளத்தங்கரையில் குளத்துக் கட்சி கட்டியது ஒன்று. நிஜப் பெயரைச் சொன்னால் உதை விழும் என்று நாம் வைத்த பெயர்கள்தான், இன்னும் மாற்றவில்லை. இரண்டும் செங்கல், இடுப்புயரம், மேலே வங்காளியில் உன் பெயர். ஒன்றில் நீ எதிரியின் வெடிகுண்டுக்கு மார்பைக் காட்டினாய். மற்றதில் கோஷம் போட்டபடியே விழுந்தாய். உயிரோடு இருந்தவரை உன்னைக் கிரிக்கெட்டில் பந்து பொறுக்கக்கூட யாரும் சேர்க்கவில்லை. செத்த பிறகு இரண்டு கட்சியில் உறுப்பினர்.

அந்த ரேஷன் கடை வரிசை நினைவிருக்கிறதா? நாம் நின்றுகொண்டிருக்கும்போதே எதிரில் ஒருவரை ரிக்‌ஷாவிலிருந்து இழுத்துப் போட்டு வெட்டினார்கள். வரிசை கலையவில்லை. கலைந்தால் இடம் போய்விடும். எல்லோரும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ரத்தம் ஓடிவந்து நமக்கு முன்னால் நின்ற ஆபீஸ்காரரின் செருப்பைத் தொட்டது. அவர் அந்தக் காலை மட்டும் தூக்கிக்கொண்டார். "ஒத்தக் காலுதான்டா தூக்கறாரு, பாரு" என்றாய் என் காதில். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்படிப்பட்ட ஊரை ஒரு காகிதப் பையால் படுக்க வைத்தவன் நான். பொரி தின்று முடித்த பையை ஊதி, யார் முதுகுக்காவது பின்னால் வைத்து ஒரு அடி. டப். கடைகளின் ஷட்டர் சடசடவென்று இறங்கும். டீக்கடைக் கட்சியின் தாதா, இடுப்பில் கத்தியோடு அலைபவர், நாமெல்லாம் மரியாதையாக அண்ணன் முறை வைத்துக் கூப்பிட வேண்டியவர், பெஞ்சுக்கு அடியில் போனார். அவரைத் தரையில் தவழ விட்ட ஒரே குடிமகன் நான்தான். நீ திட்டுவாய். "ஒரு நாள் அந்தப் பையிலயே உன்னைப் போட்டுக் கட்டப்போறாங்க."

நீ போன அன்றைக்குப் பத்து மணி வெயில். நீ உன் பொரியைத் தின்றுகொண்டே முன்னால் போனாய். நான் பத்தடி பின்னால், என் பையை ஊதிக்கொண்டு. இன்னும் பாதிகூட ஊதவில்லை. நான் அடிக்கவில்லை, குண்டு. குளத்துப் பக்கத்திலிருந்து வந்தது நிஜமானது. முதல் வெடி யார் மேலும் படவில்லை. தெருவே குப்புறப் படுத்தது. நீ மட்டும் நின்றாய். என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே, "மறுபடியுமாடா" என்றாய்.

இரண்டாவது உன் முதுகில் வெடித்தது. சட்டை எரிந்தது. சட்டைக்குள் நீயும் எரிந்தாய். உன் பொரி தெருவெல்லாம் சிதறி, முதலில் வெள்ளையாகக் கிடந்தது, பிறகு ஊறிச் சிவந்தது. தூணில் எழுதியிருக்கிறார்களே, உன் கடைசிக் கோஷம், அது "மறுபடியுமாடா". எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் அம்மா இரண்டு கட்சி ஆபீசுக்கும் போனாள். பாத்திரக்காரனிடம் பேரம் பேசப் பழகிய வங்காளியில், இவன் உங்கள் ஆளில்லை, என் பிள்ளை, பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். இரண்டு இடத்திலும் நாற்காலி போட்டார்கள். மாலை போட்டு, தியாகியின் தாயார் என்று மேடையில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதானேடா கூட இருந்தே. நீ ஒரு வார்த்தை சொன்னா அவா கேப்பா."

சொல்கிறேன் மாமி என்று மார்தட்டினேன். பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார், சொல்லிவிட்டதாகவே நினைக்கிறார்கள். தாதாவின் காலரைப் பிடித்து உலுக்கினேனாம். இரண்டு தூணிலும் உன் பெயரை ஆணியால் சுரண்டினேனாம். கடைசி பெஞ்சில் எனக்கு இப்போது தனி மரியாதை.

நாளை மாமியை மேடைக்கு வரச் சொல்லி இரண்டு தரப்பும் ஆள் அனுப்பிவிட்டது. அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். காலர் என்னுடையது, பிடித்தது தாதா. உன் மேல் புகை அடங்குவதற்கு முன்பே வந்து, உன்னைக் கால் விரலால் காட்டி, "நம்ம பையன்தானே?" என்றார். தலையாட்டினேன். சாயங்காலம் குளத்துக் கட்சிக்காரர்கள் எங்கள் வீட்டு வாசலில் நின்று அதையே கேட்டார்கள். அவர்களுக்கும் ஆட்டினேன். மதராசித் தலை எப்படி ஆடினாலும் வங்காளிக்கு விளங்காது என்று சாக்குச் சொல்லலாம். வேண்டாம். மேலும் கீழுமாக, நன்றாக விளங்கும்படிதான் ஆட்டினேன். ஒரு காலை மட்டும் தூக்கிக்கொண்ட அந்த ஆபீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

பாதி ஊதிய பை கணக்கு நோட்டுக்குள் மடித்து இருக்கிறது. மாமி மேடை ஏறுவதற்கு முன் அவளிடமாவது சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். என்றிருக்கிறேன் என்றுதான் எழுத வருகிறது.

ஆணி விஷயமும் பொய், குண்டு. உன் தூணுக்கு நான் இதுவரை செய்தது ஒன்றே ஒன்றுதான். இன்று காலை அந்த ஆட்டை விரட்டவில்லை.