கமராப் பலகைக்குச் சந்தனம்

ஜூன் 26, வியாழன்

வெயில். சோளகக் காற்று. கோயில் வீதியின் புழுதி முழுவதும் என் கண்ணுக்குள்.

அம்மன் கோயில் கமரா வேலை தொடங்கினேன். அசையாத கமரா நான்கு, சுற்றும் கமரா ஒன்று. சுற்றுவது தண்ணீர்த் தாங்கியின் மேல். அங்கிருந்து நான்கு வீதியும் தெரியும். கட்டுப்பாட்டுப் பலகை (இனி க.ப.) இன்னும் பெட்டிக்குள்ளே. அதில் ஒரு கைப்பிடி உண்டு. கீழே அறையில் இருந்துகொண்டு அதை அசைத்தால் மேலே கமரா தலையைத் திருப்பும். இதைக் கோயில் நிர்வாகசபைத் தலைவருக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம்.

ஏணியைப் பிடித்தவர் அண்ணை. என் சொந்த அண்ணை, நான் அவருடைய தங்கச்சி. கோயில் நிர்வாகசபைப் பொருளாளர். ஆறு வருடமாக எங்களுக்குள் கதை பேச்சில்லை. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி அடைத்தபோது நட்ட கதியால் நான்கு விரல் என் பக்கம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். இல்லை என்றார். நூல் பிடித்துக் காட்டினேன். நூல் பிடித்தது பிழை என்று இப்போது படுகிறது. நான்கு விரலில் என்ன நடப்போகிறேன், ஒரு கீரைப்பாத்தி கூட வராது.

ஏணி ஆடியது. அண்ணை ஏணியைப் பார்த்து, "கீழை ஒரு கல்லு வைச்சா ஆடாது" என்றார். ஏணி பதில் சொல்லவில்லை. நான் இறங்கிக் கல் வைத்தேன்.

வாங்க வேண்டியது: வயர் கிளிப் இரண்டு பைக்கற், வயர் சுற்றும் ரேப், மழை பட்டாலும் பழுதாகாத பெட்டி ஒன்று, எனக்குத் தொப்பி.

ஜூன் 27, வெள்ளி

க.ப. பொருத்தினேன். மடைப்பள்ளிக்குப் பக்கத்து அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, பெரிய திரை. அறிவித்தல் சொல்லும் மைக்கும் இதே மேசையில்தான், வேறு இடமில்லையாம். ஆள் தொலைந்தால், கதவுத் திறப்பு எங்காவது விழுந்தால் எல்லாம் இங்கிருந்துதான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள்.

கைப்பிடியை அசைத்தேன். கமரா அசையவில்லை. திரும்பவும். இல்லை. இரண்டு மணித்தியாலம் தேடியபின் பார்த்தால் பலகையிலிருந்து போகும் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொழுவியிருக்கிறேன். பதினான்கு வருட அனுபவம். தலைவரிடம், "கறன்ற் காணாமல் இருந்தது, இப்ப சரி" என்று சொன்னேன். அவர் அதையும் நம்பித் தலையாட்டினார்.

பிறகு தலைவர் கைப்பிடியை விடவில்லை. தன் வீட்டுப் படலையைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கினார்.

"பிள்ளை, உது எங்கடை படலைதானே?"

"ஓம்."

"துறந்து கிடக்கு."

பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஆடு உள்ளே போனது. தலைவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று எண் போடும் வேலை. ஒரு இடத்துக்கு ஒரு எண் பதிந்துவிட்டால், அந்த எண்ணை அழுத்த கமரா தானாக அங்கே திரும்பும்.

1 கொடிமரம்
2 தேர்முட்டி
3 கிழக்கு வாசல்
4 செருப்பு விடும் இடம்
5 தண்ணீர்ப் பந்தல்

நான்காவது அண்ணையின் விருப்பம். போன வருடம் அவருடைய புதுச் செருப்பைக் காணவில்லை. அறையில் அவரும் நானும் மட்டும். என்னிடம் சொல்ல முடியாது, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"செருப்பு வைக்கிற பக்கம் ஆரும் கவனிக்கிறேல்லை."

நான் கமராவைத் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம் கீழை வந்தா வடிவாத் தெரியும்."

கீழே இறக்கினேன்.

"காணும், போதும்."

சுவருக்கு நல்ல மரியாதை. என்னை அப்படி ஒரு நாளும் பொறுமையாகக் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, அடக்கினேன். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அழுகை வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். எனக்கு இருப்பது ஒரு அண்ணை. அவர் எனக்கு ஒரு சொல் சொன்னால் போதும், பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை. நானாகப் போய்க் கதைக்கலாம்தான். நாலு தரம் படலை வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

கொடியேற்றம். ஐயர் கொடிமரத்துப் பூசை முடித்து நேரே கமரா அறைக்கு வந்தார். புதுச் சாமானுக்குப் பூசை செய்யாமல் விடக்கூடாதாம். திரைக்குச் சந்தனம், குங்குமம். மைக்குக்குச் சந்தனம். க.ப.வுக்கு நடுவில், கைப்பிடியின் தலையில் ஒரு பெரிய பொட்டு. அதன் அடியில் இன்னொன்று, தாராளமாக. நான் "ஐயா, அதுக்கை போயிடும்" என்பதற்குள் மணி அடித்துவிட்டார்.

புதிய வில்லங்கம்: திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய மரியாதை எல்லாம் அந்தக் குடும்பத்துக்கு. இப்போது கமராக் கைப்பிடியை முதலில் பிடிப்பதும் மரியாதையில் சேர்ந்துவிட்டது. முதல்நாள் உபயகாரர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கைப்பிடியைத் தொட்டுக் கும்பிட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வீதியில் நின்ற அவருடைய ஆட்கள் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக் கைகாட்டினார்கள். நாளைய உபயகாரர் இதைக் கேள்விப்பட்டு, தனக்கு இரண்டு சுற்று வேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 3, வியாழன்

நேற்று முதல் கமரா தானாக நகர்கிறது. கையை எடுத்தால் மெல்ல மெல்ல இடப்பக்கம். எண் அழுத்தினால் சரியான இடத்துக்குப் போகும், பிறகு மறுபடியும் இடப்பக்கம் நடை. காரணம் தெரியும். சந்தனம் கைப்பிடியின் ரப்பர் உறைக்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது. கைப்பிடி இடது பக்கம் சாய்ந்தபடியே நிற்கிறது. கழற்றித் துடைத்தால் பத்து நிமிட வேலை.

திருப்புளியை எடுத்தேன். தலைவர் என் கையைப் பார்த்துவிட்டுக் கதவருகில் நின்றார்.

"பிள்ளை, பூசை செய்த சாமான். திருவிழாவுக்கை கழட்டிறதோ?"

"உள்ளுக்கைச் சந்தனம் போயிட்டுது."

"அது அம்மாளின்ரை சந்தனம். தீர்த்தம் முடியட்டும்."

ஆக, கடைசிநாள் தீர்த்தம் முடியும்வரை என் வலது பெருவிரலால் கைப்பிடியை வலப்பக்கம் அழுத்திப் பிடித்தபடி இருக்க வேண்டும். நாளுக்கு ஐந்து மணித்தியாலம். விரலுக்குத் தைலம் பூசினேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைய உபயகாரர் லண்டனில் இருந்து வந்தவர். முதல் சுற்று முடிந்ததும் கமராவைத் தன் தாய் நிற்கும் இடத்துக்குத் திருப்பச் சொன்னார். அங்கே லண்டனில் இருப்பவர்கள் பார்க்க, திரையைக் கைபேசியால் படம் எடுத்தார். அம்மா கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தார். "அம்மா, மேலை பாருங்கோ" என்று அறைக்குள் இருந்து கத்தினார். அம்மாவுக்கு எப்படிக் கேட்கும். நான் விரலை எடுத்ததும் கமரா தானாக நகர்ந்து ஒரு மாட்டைக் காட்டியது. லண்டனில் மாட்டைத்தான் பார்த்தார்களாம்.

அண்ணை தினமும் பக்கத்துக் கதிரையில். கதையில்லை. போத்தல் தேத்தண்ணியில் பாதியை மூடியில் ஊற்றி மேசையின் நடுவில் வைப்பார். யாருக்கென்று சொல்லமாட்டார். நான் குடிப்பேன். சீனி கிடையாது. அவருக்குச் சலரோகம், அவருடைய மனைவி, என் மச்சாள், வீட்டில் சீனிப் போத்தலையே பூட்டி வைத்திருக்கிறார்.

ஜூலை 9, புதன்

தேர். இன்றையதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

காலை ஆறு மணி முதல் அண்ணையும் நானும் அறையில். அவர் விரதம், பச்சைத் தண்ணீர் மட்டும். பத்துக்கு வடம் பிடித்தார்கள். நல்ல சனம், நகர இடமில்லை. அறிவிப்பாளர் தொலைந்த பிள்ளைகள் ஆறு பேரைத் தாய்மாரிடம் சேர்த்துவிட்டு அன்னதானத்துக்குப் போனார். தேர் மேற்கு வீதிக்குத் திரும்பியதும் அண்ணை திரையைப் பார்த்து, "ஜெனரேற்றரை ஒருக்காப் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கொஞ்ச நேரத்தில் மூக்குக் கடித்தது. சொறிவதற்கு விரலை எடுத்தேன். கமரா இடப்பக்கம் புறப்பட்டது. தண்ணீர்ப் பந்தல். கச்சான் கடை. வளையல் கடை. ஐஸ்கிறீம் வான்.

வானுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் முதுகு. சால்வையை நான்காக மடித்து இடது தோளில் போடுவது ஊரில் ஒரே ஆள். பெரிதாக்கினேன். அண்ணை. கையில் மாம்பழ ஐஸ்கிறீம், கோன், இரண்டு உருண்டை. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். சின்ன வயதிலும் அப்படித்தான், இனிப்புக் கிடைத்தால் கண்ணை மூடிவிடுவார், நான் பக்கத்தில் இருந்து அவருடையதில் கடிப்பேன். எனக்கு அந்த நேரம் அவர்மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

கதவு திறந்தது. மச்சாள். கண்டதும் 2ஐ அழுத்தினேன். கமரா தேர்முட்டிக்குப் பாய்ந்தது.

"எங்கை அவர்?"

"ஜெனரேற்றர் பாக்கப் போயிட்டார்."

"ஜெனரேற்றரடியிலை இருந்துதான் வாறன். காணேல்லை." அண்ணையின் கதிரையில் இருந்துகொண்டார். மச்சாள் என்னோடு கதைப்பார், வேலியைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டார். "காலமை மருந்து போட்டவர், வெறும் வயிறு. எங்கையும் விழுந்து கிடக்கிறாரோ தெரியாது. உந்தக் கமராவாலை ஒருக்காத் தேடும்."

முகத்தில் உண்மையான பயம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால் அண்ணை தொலைந்தார். சொல்லாவிட்டால் மச்சாள் பயத்திலேயே விழுந்துவிடுவார். விரலோ மரத்துவிட்டது. கமரா நழுவியது. தண்ணீர்ப் பந்தல். 2 அழுத்தினேன். தேர்முட்டி. நழுவியது. தண்ணீர்ப் பந்தல், கச்சான் கடை. 2.

"ஏன் உது ஒவ்வொருக்காலும் அந்தப் பக்கம் போகுது?"

"சந்தனம் மச்சாள்."

"அந்தப் பக்கமே விடும், என்ன இருக்கெண்டு பாப்பம்."

இடது கையால் மைக்கை இழுத்தேன். வேறு வழி வரவில்லை. "நிர்வாகசபைப் பொருளாளர் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகக் கமரா அறைக்கு வரவும். அவருடைய மனைவி காத்திருக்கிறார். மீண்டும் அறியத்தருகிறோம், அவருடைய மனைவி காத்திருக்கிறார்."

நான்கு வீதியிலும் கேட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணைக்கு நான் சொன்ன முதல் வசனம் அது. எட்டு ஒலிபெருக்கியில்.

மச்சாள் கதவை எட்டிப் பார்த்த இடைவெளியில் விரலை எடுத்தேன். வான். அண்ணை நிமிர்ந்து தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார். நேரே கமராவுக்குள், நேரே என்னை. பிறகு மிச்சம் இருந்த ஒன்றரை உருண்டையையும் கோனோடு வாய்க்குள் தள்ளினார். 2.

ஐந்து நிமிடத்தில் வந்தார். வாயைத் துடைத்திருந்தார், சால்வை சரி, முகம் சரி. நெஞ்சின் நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரு சொட்டு.

மச்சாள் அதைப் பார்த்தார். "உதென்ன?"

"சந்தனம்" என்றார் அண்ணை.

மச்சாள் விரலால் தொட்டு மூக்கடிக்குக் கொண்டுபோனார். நான் யோசிக்கவே இல்லை. "ஐயர் பூசினவர் மச்சாள், நான் கமராவிலை பாத்தனான்" என்றேன். அம்மன் வாசலில், தேர் அன்றைக்கு, ஐயர் தலையில் போட்ட பொய்.

மச்சாள் என்னைப் பார்த்தார். அண்ணையைப் பார்த்தார். விரலைச் சேலையில் துடைத்தார். "நல்ல குளிர்ச்சியான சந்தனம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை கதிரையில் இருந்தார். பின்னேரம் முழுக்க என் பெருவிரலுக்குப் பதிலாகத் தன் பெருவிரலால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

தீர்த்தம் முடிந்தது. காற்று விழுந்துவிட்டது, புழுக்கம்.

இனிக் கழற்றலாம் என்று தலைவர் உத்தரவு. ரப்பர் உறையைத் தூக்கி ஈர்க்கால் கிண்டினேன். ஒரு தேக்கரண்டிச் சந்தனம். எறிய மனமில்லாமல் நெற்றியில் கொஞ்சம் வைத்தேன். கைப்பிடி நேராக நின்றது.

அண்ணை வந்தார். கதவைச் சாத்தினார். சுவரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரை அணைந்து கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"உது பதிஞ்சிருக்குமோ?"

என்னிடம்தான். அறையில் வேறு யாரும் இல்லை. ஈர்க்கைக் கீழே வைத்தேன்.

"ஓம் அண்ணை."

"எவ்வளவு நாளைக்கு நிக்கும்?"

"முப்பது நாள். பிறகு பழசுக்கு மேலை புதுசு தானாப் பதியும்."

"அதுக்கு முன்னம் அழிக்கேலாதோ?"

"ஏலாது அண்ணை."

கதிரையை இழுத்து இருந்தார். மீசையைத் தடவினார். "தலைவர் பொழுது போகாட்டிப் பின்னுக்குப் போட்டுப் பாப்பார். உன்ரை மச்சாளும் கேட்டாலும் கேப்பா. ஆரும் பொறுப்பான ஆள் பக்கத்திலை இருக்கவேணும்."

"நான் பின்னேரத்திலை வந்து பாக்கிறன்."

"அப்ப நானும் வாறன். நாளைக்கு. தினமும் வாறன்." எழுந்தார். கதவடியில் நின்றார். "நீ நேற்றுக் கத்தின கத்தலிலை கோன் தொண்டைக்கை நிண்டுட்டுது, விசரி."

போய்விட்டார். விசரி என்று ஏசினார். கதவைப் பார்த்து இல்லை, என்னை.

அழிக்கலாம். மெனுவில் நான்காவது வரி, இரண்டு பொத்தான், ஒரு நிமிட வேலை. நான் பொருத்திய பெட்டி, எனக்குத் தெரியாதா. வீட்டுக்கு வருமுன் அதே மெனுவுக்குள் போய் முப்பது நாளை அறுபது ஆக்கிவிட்டு வந்தேன்.