கூரையில் வந்த மலைப்பாதை

அன்புள்ள அம்மாவுக்கு,

ரஞ்சனியின் வணக்கம். புனேயில் நான் நலம். உனக்குக் கால்வலி குறைந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா? எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கியிருப்பீர்கள், பனியில் நனையாதே.

நேற்று ஆபீஸில் ஒரு வேடிக்கை. நான் கட்டடங்களைக் கையால் வரைவதில்லை. கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை ஒயரால் இணைத்தால் அதுவே வரைந்துகொள்ளும். ஒரு கூரைக்கு வரிசை வரிசையாகப் புள்ளிகள் வைத்திருந்தேன். ஒவ்வொரு வரிசையும் தனிக் கிளை, எல்லாம் சேர்ந்தால் ஒரு மரம். அவசரத்தில் கிளைகளைக் கலைத்து எல்லாப் புள்ளிகளையும் ஒரே பட்டியலில் கொட்டிவிட்டேன். புள்ளிகளை இணைக்கும் கோடு ஒரு வரிசையின் முடிவில் நிற்காமல் திரும்பி அடுத்த வரிசைக்கு ஓடியது, அங்கிருந்தும் திரும்பியது. கூரை முழுக்க நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள்! மேலதிகாரி திட்டவில்லை, சிரித்தார். கிளைகளை மறுபடி பிரித்ததும் சரியாகிவிட்டது. அதற்கு முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்தாலே உன் ஞாபகம். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு உனக்குக் குமட்டும். ஆனாலும் என்னை ரயிலேற்ற சேலம் வரை வந்தாயே, அதை நான் மறக்கமாட்டேன். "மோந்து பாத்துக்க கண்ணு, தலை சுத்தாது" என்று, குமட்டாமலிருக்க பஸ்ஸில் நீ பிடித்திருந்த எலுமிச்சம்பழத்தை ரயில் ஜன்னல் வழியாகக் கொடுத்தாய். காய்ந்துபோய் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

அடுத்த பார்சலில் கொஞ்சம் மிளகு வை. இங்கே கிடைப்பதில் வாசனையே இல்லை. ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல். அன்று தனியாகத் திரும்பி மலையேறும்போது, உன் கையில் என்னம்மா இருந்தது?

உன் மகள்,
சிவரஞ்சனி