நேர்ச்சை மொட்டை

சங்கரன்கோவில்
9.8.2025

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் எரிந்து விழுகிறேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். நேற்று முன்தினம் திருநெல்வேலியில் மூன்றாவது கீமோ ஊசி போட்டார்கள். வாயெல்லாம் புண். தயிர்சாதம்கூட எரிகிறது. தலையில் ஒரு முடி இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் முக்காடு நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்தவள், பெயர் பிச்சம்மாளாம், மேலநீலிதநல்லூர்க்காரி, "எந்தக் கோயிலுக்கு முடி குடுத்தீய?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல் "திருச்செந்தூருக்கு" என்றேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மார்த்தாள்! "நல்லா இருப்பீய" என்று ஜன்னலோர இடத்தைக் கொடுத்தாள். இறங்கும்வரை மருமகளைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தேன். நோய் வந்த பிறகு அன்றுதான் சிரித்தேன், அக்கா.

ஜெர்சோன் கல்யாணத்துக்கு எப்படியும் வந்துவிடுவேன். உன் மகன் என்றாலும் அவன் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

உன் தங்கை,
மார்த்தாள்


நாகர்கோவில்
16.8.2025

அன்புத் தங்கைக்கு,

உனக்காக நான் முழங்காலில் நிற்காத நாள் இல்லை. ஆனால் பொய் எதற்கு? அதுவும் இப்படி ஒரு பொய்!

இன்னொன்று, எழுதவே கை வரவில்லை. அடுத்த ஞாயிறு தொடங்கி மூன்று வாரம் சபையில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பார்கள். உன் நோய் பெண் வீட்டாருக்குத் தெரியாது. குடும்பத்தில் இது இருக்கிறது என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும். பஸ்ஸில் நேர்ச்சை என்று சொல்லித் தப்பித்தாய். நம் சபையில் மொட்டை போடுகிற வழக்கம் ஏது? கேட்டால் நான் என்ன சொல்லுவேன்? ஒரு விக் அனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொண்டு வா. இல்லையென்றால் நீ வர வேண்டாம், கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கேயே அனுப்புகிறேன். கோபப்படாதே.

ஞானபூரணம்


சங்கரன்கோவில்
30.8.2025

அன்புள்ள அக்கா,

விக் வந்தது. இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.

பொய் என்று எழுதினாயே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை ஊசிக்குப் போகும்போது மேலநீலிதநல்லூரில் பிச்சம்மாள் ஏறினாள். "அது நேர்ச்சை இல்ல, எனக்குக் கேன்சர்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் மக்கா. நேர்ச்சை மொட்டைன்னா புருவம் எங்கன போச்சு?"

"பெறவு ஏன் அப்படிக் கேட்டீய?"

"ஒன்னயப் பாத்துட்டு எல்லாரும் தலையத் திருப்பிக்கிட்டாவ. நான் பேச ஒரு சாக்கு வேணும்லா?"

மகள் வீட்டுக்குக் கிளம்பியவள், அதை விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மருந்து இறங்கிய நாலு மணி நேரமும் கூடவே இருந்தாள். சத்தமாகச் சிரித்ததற்கு நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் அதட்டினாள்.

கல்யாணத்துக்கு நான் வரவில்லை. விக் வைத்துக்கொண்டு வந்தால் எங்கே நழுவுமோ என்றே இருப்பேன், வாய்விட்டுச் சிரிக்க முடியாது. இன்னும் எத்தனை நாளோ தெரியாது, அதை ஒளிந்து கழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் வலிக்கிறது, அக்கா. ஊசியைவிட அதிகம் வலிக்கிறது. ஜெர்சோனுக்கு என் ஆசீர்வாதம்.

மார்த்தாள்


நாகர்கோவில்
8.9.2025

மார்த்தாள்,

உன் கடிதத்தை மூன்று நாள் பைபிளுக்குள் வைத்திருந்தேன். நேற்று மூன்றாவது ஓலை. தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டார். மறைக்கிறவள் நான்தானே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் உன் கடிதத்தைச் சம்பந்தியம்மாள் கையில் கொடுத்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை. நின்றபடியே வாசித்தார்கள். மடித்துத் திருப்பித் தந்து, "வீட்டுல கலந்து பேசிச் சொல்லுதோம்" என்றார்கள். இதுவரை பதில் இல்லை. விக் அனுப்பியது தெரிந்து ஜெர்சோனும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

பதினெட்டாம் தேதி ஊசிக்கு முந்தின நாளே அங்கே வந்துவிடுவேன். கல்யாணம் நடந்தால் நீ தலையை மூடாமல் என் பக்கத்தில் நிற்க வேண்டும். நின்றுபோனால் அப்போதும் எனக்கு நீதான் வேண்டும். என்னைச் சேர்த்துக்கொள், மார்த்தாள்.

உன் அக்கா