வால்ட்டரிடம் சொல்லிவிட்டேன், மாமா

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'அம்மிணி' என்றே கூப்பிட்ட மாமாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டேன். அமெரிக்கக் குடிமகளாக என் முதல் ஓட்டு. ஒரு வாரமாகியும் யார் ஜெயித்தார் என்று தெரியவில்லை. ஃப்ளோரிடாவில் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கோபி தாலுகா ஆபீஸிலிருந்து உங்களை அனுப்பியிருந்தால் இரண்டே நாளில் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

நான்கு வருடம் முன்பு இங்கே பிளேனோவில் எங்களோடு ஆறு மாதம் இருந்தீர்களே, அப்போது உங்களுக்குக் கிடைத்த ஒரே சிநேகிதர் எதிர்வீட்டு வால்ட்டர். ரிட்டயரான தபால்காரர், டெக்சாஸிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பர். தினமும் காலையில் இருவரும் சேர்ந்து நடப்பீர்கள். உங்கள் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷ் அவருக்கு எப்படிப் புரிந்ததோ, எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

அதுவும் ஒரு தேர்தல் நேரம். நம் ஊர் வழக்கப்படி நீங்கள் சின்னத்தை வைத்துத்தான் பேசுவீர்கள்: யானைக் கட்சி, கழுதைக் கட்சி. வால்ட்டர் தன் புல்வெளியில் கழுதைக் கட்சி வேட்பாளரின் அட்டையை நட்டிருந்தார். நீங்களோ அடிமைகளை விடுவித்த ஜனாதிபதியின் கதையை லைப்ரரியிலிருந்து எடுத்துவந்து அப்போதுதான் படித்து முடித்திருந்தீர்கள். சும்மா இருந்தீர்களா?

"உங்க ஜனங்களை விடுதலை பண்ணுனது யானைக் கட்சி. நீங்க கழுதைக்குப் போடறீங்க. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா?" என்று நடுத்தெருவில் இங்கிலீஷில் கேட்டீர்கள். அவர் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் காலை அவர் கதவு திறக்கவில்லை. நீங்கள் ஷூ போட்டுக்கொண்டு நம் தபால் பெட்டி பக்கத்தில் அரை மணி நேரம் நின்றீர்கள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்புறம் நான் ஆபீஸில் விசாரித்து வந்து சொன்னேன். இந்தத் தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களை ஓட்டுச்சாவடிப் பக்கமே அண்டவிடாமல் வைத்திருந்தது கழுதைக் கட்சிதான். பிறகு அதே கட்சியின் ஜனாதிபதி அவர்களுக்கு ஓட்டுரிமைச் சட்டம் போட்டார். கறுப்பர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள். அதுவரை அங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக யானைக்கு மாறினார்கள். போர்டு அப்படியே இருக்க, உள்ளே கடை மாறிவிட்ட கதை.

நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். "ஏனம்மிணி, ஓட்டுக்காக அடிபட்ட ஜனத்துகிட்டயா நான் நன்றி பத்திப் பேசுனேன்?" அதற்குள் ஊருக்குத் திரும்பும் நாள் வந்துவிட்டது. "நீயாச்சும் அவருகிட்ட மன்னிப்புச் சொல்லீரு" என்றீர்கள்.

நான் சொல்லவில்லை. கூச்சம், வேலை, குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் போனில் கேட்டீர்களே, "வால்ட்டருகிட்டச் சொல்லீட்டியா?" என்று. "சொல்லீட்டனுங்க மாமா" என்றேன். "நல்ல புள்ள" என்றீர்கள். அந்த இரண்டு வார்த்தை என்னைப் படுத்தின பாடு கொஞ்சமா?

செவ்வாய்க்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் யார் தெரியுமா? வால்ட்டரேதான். எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன். நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டதையும்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்குக் கோபமே இல்லம்மா," என்றார். "எங்க தாத்தா சாகற வரைக்கும் யானைக் கட்சிதான். நாங்க மாறினப்போ, நன்றி கெட்டவங்கன்னு எங்கப்பாவைத் திட்டினார். ரெண்டு பேரும் கடைசிவரை பேசிக்கவே இல்லை. உங்க மாமனார் அதே வார்த்தையைச் சொன்னதும் எங்கப்பா ஞாபகம் வந்துடுச்சு, உள்ளே போயிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு உங்க கதவைத் தட்டினேன். அவர் ஊருக்குப் போயிட்டார்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார்."

உங்கள் பிள்ளை இதை என்னிடம் சொல்லவே இல்லை, மாமா. வீட்டுக்கு வந்து நல்ல டோஸ் விட்டேன்.

வால்ட்டரும் நானும் இப்போது காலையில் நடக்கிறோம். அவருக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் போகிறோம். அவரால் முடிகிற நாள்வரை நான் கூடப் போவேன், இது சத்தியம். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள், பூத் டியூட்டி பார்த்தவர் கேட்கக் கூடாது.

அவரிடம் சொல்லிவிட்டேனுங்க, மாமா. இந்தத் தடவை நிஜமாகவே.

நீங்கள் 'நல்ல புள்ள' என்று நம்பிப் போன,
உங்கள் மூத்த மருமகள்