கஃபீல் நின்ற பாதி

குவைத், 2004

அன்புள்ள மனைவிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்கு வந்துவிடுகிறது.

"என் துப்பாக்கி தோளில் உதைக்காது, விசையை அழுத்த அழுத்தச் சுடும்" என்று போன கடிதத்தில் எழுதியது சும்மா பெருமைக்கு. வேட்டையாடுவது என் முதலாளி கஃபீல். துடைத்து வைப்பது மட்டுமே நான்.

அதற்கு லைசென்ஸ் இல்லையாம். போலீஸ் கேட்டதும் அது என்னுடையது என்று என்னைக் கைகாட்டிவிட்டார். இங்கே ஸ்டேஷனில் மொழிபெயர்க்கும் காயல்பட்டினத்து பாய், "அவரும் துப்பாக்கியுமா போட்டோ ஏதும் இருக்கா?" என்றார்.

உனக்கு அனுப்பியதில் துப்பாக்கி அவர் கையில்தான் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். அவரை வெட்டிவிட்டு, என்னை உன் படத்தோடு சேர்த்து ஃபிரேம் போட்டதாக எழுதியிருந்தாய்.

வெட்டிய பாதியைத் தேடு. கிடைக்காவிட்டாலும், கிடைத்துவிட்டதாகவே எனக்கு எழுது.

உன் கணவன்