முப்பத்தேழாம் நம்பர்

24 அக்டோபர் 1974

வரலாற்றுக் கட்டுரைக்காக சிஸ்டர் எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓட்டிப் போனார். முன்பக்கம் முழுக்க வெள்ளைக்காரர்கள். பளிங்குத் தேவதை, கூர்வளைவு மண்டபம், லத்தீனில் பெருமை. செத்தும் ஃபர்ஸ்ட் கிளாஸ்! ஒரு தூண் மட்டும் பாதியில் முறிந்து நின்றது. "நான் உடைக்கலை சிஸ்டர்" என்றேன். "செதுக்கினதே அப்படித்தான். பாதியில போன உயிர்னு அர்த்தம்" என்றார்.

பின்பக்கம் எங்கள் ரயில்வே ஆட்கள். ஒர்க்‌ஷாப் இரும்பில் அடித்த ஒரே மாதிரிச் சிலுவைகள். பேர் கிடையாது, கம்பியில் கட்டிய தகர நம்பர்தான். மூணாம் வகுப்பு.

29 அக்டோபர்

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறதே, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தேவராஜ் சிலுவைகளுக்குக் கறுப்பு பெயின்ட் அடிக்கிறான். "கண்ணைக் கட்டிவிட்டாலும் எது யாருதுன்னு சொல்வேன்" என்று ஒரே பீற்றல். டீ குடிக்கப் போனான். 37, 41 தகரங்களை இடம் மாற்றிக் கட்டினேன். திரும்பி வந்தவன் கண்டே பிடிக்கலை! திருநாளுக்குள் சொல்லி மானத்தை வாங்கணும்.

1 நவம்பர்

மழை. நாளைக்குக் காலையில் மாற்றிவிட்டால் போச்சு.

2 நவம்பர்

போச்சு.

எனக்கு முன்னாடியே ஆரோக்கியமேரி அக்கா வந்துவிட்டார். 37 அவர் வீட்டுக்காரர், சவரிமுத்து அண்ணன். மஞ்சள்காமாலையில் போனார், இருபத்தாறு வயசு. அக்கா ஜோலார்பேட்டையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருகிறார்.

முதலில் சரியான இடத்தில்தான் நின்றார். நம்பரைப் பார்த்தார். "பாரேன், அவர் இடமே எனக்கு மறந்துபோச்சு" என்று நகர்ந்தார்.

41-ல் மாலையைப் போட்டு, யாரோ ஒருவருடைய மண்ணைத் தடவி, "ஏங்க, தையல் மிஷின் வாங்கிட்டேன்" என்று சொன்னார். நாலு சிலுவை தள்ளி அண்ணன். ஒரு பூ இல்லை.

எனக்குத்தான் வாய் ஊருக்கு நீளம்னு அம்மா சொல்லுவாங்களே — எங்கே போச்சு அது?

3 நவம்பர்

தூங்கலை. அக்கா தங்கியிருந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அறைவார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். "அப்போ நான் முதல்ல நின்ன இடம்தானே?" என்றுதான் கேட்டார்.

"ஆ... ஆமாக்கா."

செருப்புகூடப் போடாமல் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடித் தகரங்களை மாற்றிக் கட்டினேன். கம்பி விரலைக் கிழித்தது. நல்லா வேணும். 41-லிருந்து மாலையை எடுக்கப் போனேன்.

"அதைத் தொடாதே. போட்டது போட்டதுதான்."

எனக்கு முதுகைக் காட்டி, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். அவர் ஏற வேண்டிய ரயில் போய்விட்டது.

30 அக்டோபர் 1975

அக்காவிடமிருந்து கார்டு. "வேலைக்குப் போற இடத்துல லீவு தரலை. இந்த வருஷம் நீ போய் மெழுகுவத்தி ஏத்து. இடம் உனக்குத் தெரியும்."

திட்டு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

தேவராஜிடம் வெள்ளைப் பெயின்ட் கேட்டிருக்கிறேன். சவரிமுத்து, இருபத்தாறு வயசு என்று சிலுவையிலேயே எழுதப்போகிறேன். மெழுகுவத்தி இரண்டு வாங்கியாச்சு. நாளைக்குப் பங்குச் சாமியாரிடம் பழைய பதிவேட்டைக் கேட்கணும் — 41 யாரு?