வெயிலில் காயவைத்த ஆறு செல்கள்

மருமகள் இன்று காலை டிவி ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றி மாடிச் சுவரில் வெயிலுக்கு வைத்தாள். "கொஞ்சம் காஞ்சா இன்னும் ரெண்டு நாள் ஓடும் மாமா" என்றாள். நான் பேனாவும் தாளும் தேடி எடுத்தேன். சிநேகிதா, நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாததை இப்போது எழுதுகிறேன், கேள்.

அறுபதாம் வருடம். கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து மூன்றடி நீளத்தில் கப்பல் செய்திருந்தாய். பிரான்சிலிருந்து விடுப்பில் வந்த உன் சித்தப்பா, கரையில் நின்றபடியே அதைத் திருப்புகிற ரேடியோப் பெட்டியைக் கொண்டுவந்தார். "ஊசுட்டேரித் தண்ணியில பாதி தூரம் போய்த் திரும்பி வரட்டும். வந்தா உன்னை பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போயி, தெரிஞ்ச பட்டறையில சேத்து வுடறேன்" என்றார். மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்த உனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

மோட்டாருக்கு எந்த பேட்டரி என்பதில்தான் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாய். மோட்டார் சைக்கிள் பேட்டரியை வைத்தால் கப்பலின் பின்பக்கம் முங்கியது. காய்கறிக்காரம்மாவின் தராசை வாங்கி வந்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தாய். "கனம் கூடினா முங்குது, கொறைச்சா நடுவுல நின்னுடும்டா" என்று புலம்பினாய். கடைசியில் ஆறு டார்ச் செல் என்று முடிவானது. நான் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்ததால், புதுசாக வாங்கி வரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

வாங்கினேன். ஆனால் உனக்குக் கொடுத்தது அவற்றை அல்ல. கடையில் கழித்துப் போட்ட செல்களில் பளபளப்பாக இருந்த ஆறைப் பொறுக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். காய்ந்த செல் கொஞ்ச நேரம்தான் உயிர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நீ பல்பை வைத்துப் பார்த்தாய், ஜோராக எரிந்தது. "புதுசு புதுசுதான்டா!" என்று என் முதுகில் தட்டினாய். பாவி நான், சிரித்தேன். நீயும் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள் என்ற பயம், வேறொன்றுமில்லை.

ஏரியில் கப்பல் அழகாகப் போனது. திரும்புகிற நேரத்தில் நின்றுவிட்டது. நீ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தாய். "ஃபினி! முடிஞ்சிதுடா" என்றார் சித்தப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "செல்லு வாங்கியாந்தது நீதான?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் நீ குறுக்கே வந்தாய். "அவன் மேல தப்பில்ல சித்தப்பா. என் கணக்குதான் தப்பு." சட்டையைக் கழற்றிவிட்டு நீந்திப் போய்க் கப்பலைத் தூக்கி வந்தாய். அடுத்த மாதம் அவர் தனியாகவே கிளம்பிப் போனார்.

நீ தறியிலேயே முப்பது வருடம் நின்றாய். அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போயின. ஒரு சாயங்காலம் கடற்கரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தணிந்த குரலில்தான், உனக்குக் கேட்காது என்று தெரிந்தே. "என்னடா முணுமுணுக்கற?" என்றாய். "காபி குடிக்கப் போலாமா?" என்று கத்தினேன். உடனே என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாய்.

மன்னிப்புக் கேட்கத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் உன்னோடு பேசித் தீர்த்த சாயங்காலங்களை நினைத்தால், அந்த நாள் திரும்பி வந்தாலும் அதே செல்களைத்தான் உன் கையில் கொடுப்பேன் என்று தோன்றுகிறது. இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு உன்னிடம் எப்படிடா மன்னிப்புக் கேட்பேன்?